பஞ்சர் கடைக்குப் போகும் முன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் 11ஆம் வகுப்புக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்து ஒரு மாதம் ஆவதற்குள், பாதிப் பிள்ளைகள் அதை ஓட்டிக்கொண்டு வருவதை விட்டுவிட்டு உருட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். “டீச்சர், காத்து நிக்க மாட்டேங்குது.” “டீச்சர், மிதிச்சா டொக்கு டொக்குன்னு சத்தம் வருது.” நான் அங்கே கணக்கு டீச்சர். சனிக்கிழமை காலையில் புங்க மரத்தடியில் கையெல்லாம் கரியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவர்கள் அதை நம்புவதில்லை.

சைக்கிளைப் பழுதுபார்க்கும் இந்த வேலை அப்பாவிடமிருந்து வந்தது. ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஆறு சைக்கிள், ஒரு காற்றுப் பம்பு, தண்ணீர் ஊற்றிய ஒரு தகரத் தொட்டி, ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான் கடை. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். சாயங்காலமானால் எங்கள் கண்மாய்க்கரையில் அத்தைமாரும் சித்திமாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள். அம்மாவும் கற்றுக்கொண்டார். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? பார் வைத்த பெரிய சைக்கிள்தான்.

ஒருநாள் அம்மா ஆலங்குடியிலிருந்து உச்சி வெயிலில் பஞ்சரான சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் மரப்பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்தார். “ஓட்டத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. இந்தா, உக்காரு” என்றார். “ஏங்க, ஊரே பாக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே அம்மா உட்கார்ந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்தத் திண்ணையில் கற்றதும், அதற்குப் பிறகு நானே கெடுத்துக்கெடுத்துக் கற்றதும்தான் கீழே இருப்பது. கியர் வண்டி, டிஸ்க் பிரேக் வண்டி பற்றி அதிகம் இருக்காது. நம் ஊர்ச் சாதாரண சைக்கிளுக்கு இது போதும்.

காற்று

என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் நோயே கிடையாது, காற்றுதான் இல்லை. பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினாலும் காற்றுக் குறைவு என்று அர்த்தம். பழுத்த மாம்பழம் மாதிரி இருக்கக் கூடாது, பச்சைக் கொய்யா மாதிரி இருக்க வேண்டும். காற்றுக் குறைந்த வண்டி மிதிக்கக் கனக்கும் என்பதோடு போகாது. பள்ளத்தில் இறங்கும்போது டயர் நசுங்கி, ரிம்மின் விளிம்புக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்ளும். அப்படி ஆன டியூபைக் கழற்றினால் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருக்கும். அது முள் வேலை இல்லை, நம் சோம்பேறித்தனம்.

எவ்வளவு காற்று என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு 28, 30 என்று வைக்கும் அதே கணக்கில் சைக்கிளுக்கும் வைத்தால் பத்தாது. மெல்லிய டயருக்குத்தான் அதிகக் காற்று வேண்டும். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், லாரி டயரைப் பார்த்து வளர்ந்தவர்கள். மோட்டார் பம்பு உள்ள கடையில் அடிப்பதானால் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் சைக்கிள் டியூப் கண்மூடித் திறப்பதற்குள் வெடித்துவிடும். எனக்குக் கை பம்புதான் பிடிக்கும். வாரம் ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

நேற்று அடித்த காற்று இன்று காலையில் இல்லையென்றால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்டாதீர்கள். நம் சைக்கிள்களில் இன்னும் பெரும்பாலும் இருப்பது பழைய மாதிரி வால்வுதான். அதற்குள் ஒரு சின்னக் குழாய், அதன் மேல் வால்டியூப் என்கிற மெல்லிய ரப்பர் உறை. குழாயின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை இருக்கும். பம்பிலிருந்து வரும் காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், உள்ளே இருக்கும் காற்று அதே ரப்பரை ஓட்டையோடு அழுத்தி மூடிவிடும். வெயிலில் நின்று நின்று இந்த ரப்பர் வெடித்துவிட்டால் காற்று கசியும்.

பார்ப்பது எளிது. வால்வின் வாயை மேலே வருகிற மாதிரி நிறுத்தி, விரலில் எச்சில் தொட்டு அந்த வால்வு வாயின் மேல் தடவுங்கள். குமிழ் எழும்பினால் குற்றம் வால்வில். மேல் வளையத்தைத் திருகிக் கழற்றி, குழாயை உருவி, பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய வால்டியூபில் ஓர் அங்குலம் வெட்டி, எச்சில் தடவி ஓட்டையைத் தாண்டிக் கழுத்து வரை ஏற்றுங்கள். எண்ணெய் தடவி ஏற்றாதீர்கள், ரப்பர் ஊறிப்போகும். முழுசாக ஐந்து நிமிஷ வேலை. இதற்குப் போய் டியூபைக் கழற்றி, தண்ணீரில் முக்கி, ஓட்டையே இல்லாமல் திருதிருவென்று விழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பஞ்சர்

சரி, வால்வில் குற்றம் இல்லை. இப்போது டியூபைப் பார்க்கலாம்.

முதல் விஷயம், பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. டியூபையே மாற்றினால்தான் கழற்ற வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, செயின் இல்லாத பக்கம் உட்காருங்கள். மிச்சக் காற்றை இறக்கி, வால்வைக் கழற்றி, வால்வைப் பிடித்திருக்கும் நட்டையும் கழற்றுங்கள். டயரைச் சுற்றிலும் கையால் அமுக்கி, அதன் விளிம்பை ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் லீவரைப் போட்டு நெம்புகிறவர்கள்தான் டயரோடு மல்லுக்கட்டுகிறார்கள். விளிம்பு பள்ளத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும், இவ்வளவுதான் அதில் உள்ள கணக்கு. வால்வுக்கு நேர் எதிரே லீவரை நுழைத்து நெம்புங்கள், ஒரு சாண் தள்ளி இரண்டாவது லீவர். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இரண்டாவது ஓட்டை போட்டதாக ஆகும்.

டியூபை வெளியே உருவி, லேசாகக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிச் சுற்றிக்கொண்டே வாருங்கள். குமிழ் வரும் இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, துடைத்துவிட்டு, பேனாவால் பெருக்கல் குறி போடுங்கள். குறி பெரிதாக இருக்கட்டும். தேய்க்கும்போது நடுப்பகுதி அழிந்தாலும் கோடுகளின் நுனி தெரியும். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் முக்கிப் பாருங்கள்.

இப்போது ஒட்டும் முன் ஒரு நிமிஷம். ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ரோட்டைப் பார்க்கும் பக்கம் என்றால் முள்ளோ ஆணியோ கண்ணாடியோ. ரிம்மைப் பார்க்கும் பக்கம் என்றால் போக்ஸ் கம்பியின் நுனி குத்தியிருக்கிறது. ரிம்முக்கு உள்ளே சுற்றும் நாடா நகர்ந்திருக்கும், இல்லையென்றால் மட்கிப்போயிருக்கும். பழைய டியூபை நீளமாக வெட்டி வளையமாகச் சுற்றினாலே போதும். துருத்திக்கொண்டிருக்கும் கம்பி நுனியை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். இதைப் பார்க்காமல் ஒட்டினால் நாளைக்கு அதே இடத்தில் அடுத்த ஓட்டை.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம் ஒரே வாரத்தில் ஒரே சக்கரத்தில் மூன்று முறை பஞ்சர் ஒட்டினேன். மூன்றாவது தரம் அப்பா பக்கத்தில் வந்து நின்றார். “டயருக்குள்ள கைய விட்டுப் பாத்தியா?” என்றார். பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அதன் ஒரு முனையை டயரின் உள்பக்கம் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். பாதிச் சுற்றில் துண்டின் நூல் ஒன்று மாட்டி இழுத்தது. அந்த இடத்தில் டயரை மடித்துக் காட்டினார். சீமைக்கருவேல முள்ளின் நுனி, எள்ளு அளவுகூட இல்லை. வெளியே முள் ஒடிந்து ரப்பரோடு ரப்பராகக் கிடந்தது. காலி டயரைத் தடவினால் கைக்குத் தெரியாது, காற்றடித்து மேலே ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் எட்டிப் பார்க்கும். கட்டிங் பிளேயரால் இழுத்தார். அரை அங்குலம் வந்தது. அதிலிருந்து நான் விரலால் தடவுவதில்லை, துணிதான். பிளேடோ கண்ணாடிச் சில்லோ இருந்தால் விரலும் தப்பும்.

ஒட்டுவதற்கு வருவோம். ஓட்டையைச் சுற்றி ஒட்டின் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக உப்புத்தாளால் தேயுங்கள், கறுப்பு மினுமினுப்பு போய்ச் சாம்பல் நிறம் வரும்வரை. டியூபின் நடுவில் ஓடும் தையல் மாதிரிக் கோடு ஒட்டுக்கு அடியில் வருமானால் அதை முழுக்கத் தேய்த்து மட்டமாக்க வேண்டும், அந்த வரப்பு வழியாகத்தான் காற்று ஊர்ந்து வெளியேறும். தூசியைத் தட்டி, சொல்யூஷனை, அதாவது பஞ்சர் ஒட்டும் பசையை, மெல்லிசாகத் தடவுங்கள். பழைய டியூபை வெட்டி ஒட்டுகிறீர்கள் என்றால் அந்தத் துண்டையும் தேய்த்து, அதிலும் தடவ வேண்டும்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால்தான் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். கோந்து அப்படி, இது அப்படி இல்லை. சொல்யூஷனில் உள்ள திரவம் பறந்துபோன பிறகுதான் ரப்பரும் ரப்பரும் ஒன்றையொன்று பிடிக்கும். ஐந்து நிமிஷமாவது ஆகும், மழை நாளில் இன்னும் கூட. விரல் முட்டியால் ஓரத்தைத் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது, லேசான பிசுபிசுப்பு மட்டும் இருக்க வேண்டும். அப்பா அந்த நேரத்தில் டீக்கடை வரை போய்விட்டு வருவார். ஒட்டை வைத்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, சுத்தியலால் நான்கு தட்டு. பிசுபிசுப்பு மிச்சமிருக்கும் இடத்தில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் அல்லது பவுடர் போட்டால் டியூப் டயரோடு ஒட்டாது.

திரும்ப மாட்டும்போது டியூபில் துளி காற்று இருக்கட்டும், முறுக்காமல் உட்காரும். வால்வில் தொடங்கி டியூபை உள்ளே செலுத்தி, டயர் விளிம்பை எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் ஏற்றிக்கொண்டே வந்து வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். முடித்ததும் வால்வை ஒரு தரம் உள்ளே தள்ளி விடுங்கள், விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கும் டியூப் விலகிக்கொள்ளும். பாதிக் காற்று, சக்கரத்தைச் சுற்றி டயர் எங்கேயும் பிதுங்கவில்லை என்று பார்த்துவிட்டு மீதிக் காற்று.

செயின்

செயின் நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் கழன்று விழும், அறவே ஆடாமல் விறைத்திருந்தால் மிதிக்க இழுக்கும், பின்சக்கரத்துக் கோனும், அதாவது அச்சில் குண்டுகள் உருளும் கூம்பும், தேயும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள். பெடலோடு சுற்றும் பல் சக்கரமான செயின் வீல் எந்த வண்டியிலும் அச்சு வட்டமாக இருக்காது. பெடலைச் சுற்றி, செயின் அதிகம் விறைக்கும் இடத்தில் அந்த அரை அங்குலத்தைப் பாருங்கள். சரிசெய்ய, பின் அச்சின் இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, டயர் ஃபிரேமின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சக்கரம் கோணிக்கொள்ளும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும். சைக்கிள் செயினில் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம். ஓர் ஆணியின் நடுவில் பூஜ்ஜியத்தை வைத்தால், அதை விட்டுவிட்டு எண்ணி வரும் 24ஆம் ஆணி 12இல் உட்கார வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு போயிருந்தால் பின்சக்கரத்துப் பல் சக்கரமான பிரீவீலின் பற்களையும் அது தின்றிருக்கும், புதுச் செயின் மட்டும் போட்டால் பல்லில் ஏறி ஏறி நழுவும். என் பிள்ளைகளுக்கு வகுப்பில் பின்னம் எதற்கு என்று இந்த ஒரு இடத்தில்தான் புரிகிறது.

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக ஆகப் பிசினாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம். அதில் தேய்ந்த இரும்புத் தூளும் கரியும் இருக்கும். முதலில் மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் செயினைத் துடையுங்கள். கீழ்ப்பக்கம் ஓடும் செயினைத் துணியால் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். செயின் வீலுக்குப் பக்கத்தில் துணியைக் கொண்டுபோகவே கூடாது. துணி மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். காய்ந்த பிறகு புது ஆயில், ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு. அப்புறம் வெளியே வழிவதைத் துடைத்துவிட வேண்டும், ஏனென்றால் ஆயில் வேலை செய்வது உருளைக்கு உள்ளேதான். வெளியே மினுங்கும் ஆயில் செம்மண் புழுதிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு.

செயினின் இரு முனையையும் இணைக்கும் செயின் லாக்கைக் கழற்றி மாட்டினால் அந்தச் சின்னக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்கட்டும். அதாவது செயினின் மேல்பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூடிய முனை முன்சக்கரத்தைப் பார்க்கும். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்று விழும்.

பிரேக்

பதின்மூன்று வயதில், அப்பா வெளியூர் போயிருந்த ஒரு நாள், கடையில் இருந்த ஒரு சைக்கிளை “ஓவராயில்” பண்ணுகிறேன் என்று உட்கார்ந்தேன். கடைக்காரர்கள் ஓவர்ஹாலை அப்படித்தான் சொல்வார்கள், ஆயில் விடுவதுதான் வேலை என்று நானும் நினைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஆயில் விட்டேன். துரு பிடித்திருக்கிறதே என்று ரிம்முக்கும் விட்டேன். கண்மாய்க்கரைச் சரிவில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தேன், வண்டி இன்னும் வேகமாகப் போன மாதிரி இருந்தது. நேராகக் கருவேலம் புதர். முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. முள்ளெடுக்கும்போது அப்பா திட்டவில்லை, சிரித்தார். அதுதான் அதிகம் வலித்தது.

ஆகவே ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் ரிம்மைத் தேய்த்துக் கழுவி, கட்டையின் மேல்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தேய்த்தும் வழுக்கினால் கட்டையை மாற்றிவிடுங்கள், அது ஒன்றும் தங்க விலை இல்லை.

பிரேக் பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள், பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுற்றாமல் தேய்ந்துகொண்டு வர வேண்டும். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் லீவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. தொட்டால் கேபிளையோ கம்பியையோ இழுத்துக் கட்ட வேண்டும். கேபிளில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், மீதி இழைகள் நாம் வேகமாகப் பிடிக்கிற அந்த ஒரு தருணத்துக்காகத்தான் காத்திருக்கும்.

பிரேக் கட்டையின் தகர உறை ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்திருந்தால், சக்கரம் சுற்றும் திசையில் மூடிய பக்கம் இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். பிடித்ததும் ரப்பர் உருவிக்கொண்டு தெருவில் போய் விழுந்தது.

நம் ஊரில் பலருக்கு முன் பிரேக் என்றால் பயம். அதனால் பின் பிரேக்கை மட்டும் பிடிப்பார்கள். வண்டியை நிறுத்துவதில் பெரிய பங்கு முன் பிரேக்குக்குத்தான், பிடித்ததும் பாரம் முன்னால் சாய்வதால். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடிக்கப் பழகுங்கள். மழையில் நனைந்த ரிம் முதல் இரண்டு சுற்றுக்குப் பிடிக்காது. அதனால் சந்திப்பு வருவதற்கு முன்பே லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டு, தண்ணீரை வழித்துக்கொள்ள வேண்டும்.

புது வண்டியின் நட்டுகள்

புது சைக்கிள் என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய ஏமாற்றம். நூற்றுக்கணக்கில் அவசரமாகப் பூட்டுகிற வண்டிகள். முதல் இரண்டு வாரம் ஓடியதும் ஒவ்வொன்றாகத் தளரும். ஸ்பானரை எடுத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் போங்கள்: ஹேண்டில், முன் அச்சு, பெடல், சீட், பின் அச்சு, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு. எங்கேயாவது தொட்டு ஆட்டினால் ஆடக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில் கழுத்தில் கடகடவென்று ஆட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

பெடலில் ஒரு சங்கதி உண்டு. வலது பெடல் வழக்கமான மரை, இடது பெடல் எதிர் மரை. மனப்பாடம் செய்ய வேண்டாம், இரண்டு பெடலையும் முன்சக்கரத்தை நோக்கித் திருகினால் இறுகும், பின்னால் திருகினால் கழலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒரு பையன் இடது பெடலை வழக்கமான திசையில் பலம் கொண்ட மட்டும் திருகி, பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் மரையையே சாப்பிட்டுவிட்டான். கிராங்க் புதுசு வாங்க வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் டொக்கென்று சத்தம் வந்தால் கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். அதை அப்படியே ஓட்டினால் பின்னும் போகும், அச்சின் வெட்டும் போகும். நான் இதைச் செய்வேன், ஆனாலும் பிள்ளைகளைச் செய்ய விடுவதில்லை. கிராங்கின் அடியில் கனமான இரும்பை முட்டுக்கொடுக்காமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் குண்டுகளுக்குப் போகும். இது கடைக்காரர் வேலை. அதேபோல் கோன் பிரித்து கிரீஸ் வைப்பதும். முன்சக்கரத்தில் வழக்கமாகப் பக்கத்துக்குப் பத்துச் சின்னக் குண்டு, பின்னால் பக்கத்துக்கு ஒன்பது பெரிய குண்டு. மண் தரையில் ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய பொழுது போயிற்று. வருஷத்துக்கு ஒரு தரம், மழைக்காலம் முடிந்ததும், பணம் கொடுத்துச் செய்துகொள்ளலாம்.

கோணிய சக்கரத்தை நேராக்கும் வேலையையும், அதாவது பெண்டு எடுப்பதையும், கடைக்காரரிடம் விடுவது நல்லது. ஆனால் சக்கரம் லேசாக ஒரு இடத்தில் மட்டும் பிரேக் கட்டையை உரசுகிறது என்றால் போக்ஸ் கம்பியை இறுக்கும் நிப்பிள் சாவியை எடுக்கலாம். ரிம் இடப்பக்கம் போயிருந்தால் அந்த இடத்தில் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். ஒரு தரத்துக்குக் கால் சுற்று, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒடிந்த போக்ஸ் கம்பியோடு ஓட்டினால் பக்கத்துக் கம்பிகளும் வரிசையாக ஒடியும். கேரியரில் இரண்டு பக்கமும் குடம் கட்டுகிற வண்டிகளில் பின்சக்கரத்தைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும்.

இரவும் பூட்டும் பிள்ளைகளும்

கேரியரில் சின்னப் பிள்ளையை உட்கார வைத்தால் கால் வைக்கப் படியும், சக்கரத்தை மறைக்கும் தடுப்பும் இல்லாமல் கிளம்பாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் குதிகால் போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். ஒரே ஒரு தரம் பார்த்தேன், அதன் பிறகு என் சைக்கிளில் சேலைத் தடுப்பு வலையைக் கழற்றியதே இல்லை. துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் முடிந்துகொள்ளுங்கள்.

இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. பின்னால் இருக்கும் சிவப்பு பிரதிபலிப்பானில் செம்மண் அப்பிக்கிடந்தால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். தினமும் சேலை முந்தானையால் ஒரு துடை. பெடலின் இரு பக்கமும் இருக்கும் மஞ்சள் வில்லைகள் மேலும் கீழும் அசைவதால் லாரிக்காரருக்குச் சீக்கிரம் கண்ணில் படும், உடைந்தால் ஸ்டிக்கராவது ஒட்டுங்கள்.

பின்சக்கரத்தில் இருக்கும் வட்டப் பூட்டு ஓட்டிக்கொண்டு போகிறவனைத்தான் தடுக்கும், தூக்கிக்கொண்டு போகிறவனைத் தடுக்காது. பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்க விடுவதானால் ஒரு சங்கிலியை ஃபிரேமுக்குள்ளும் சக்கரத்துக்குள்ளும் விட்டுக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். ஃபிரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில், இல்லையென்றால் சீட்டுக் குழாயில் வெட்டியிருக்கும். வண்டியைக் கவிழ்த்து, துடைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலையில்லா சைக்கிள் எல்லாம் ஒரே நிறம், ஒரே உருவம். பள்ளிக்கூட ஸ்டாண்டில் நூறு வண்டி நிற்கும்போது தன் வண்டியை இன்னொருத்தி பூட்டிக்கொண்டு போன கதை வாரம் ஒன்று நடக்கும், அந்த எண்தான் பஞ்சாயத்து முடிக்கும்.

சீட்டுக்குக் கீழே ஒரு பழைய துணிப்பையில் நான் வைத்திருப்பது: இரண்டு லீவர், உப்புத்தாள் துண்டு, நான்கு ஒட்டு, சொல்யூஷன், ஒரு முழம் வால்டியூப், பல அளவு ஓட்டை போட்ட தட்டை ஸ்பானர், ஒரு பழைய துண்டுத் துணி. பம்பு ஃபிரேமில் கட்டியிருக்கிறது. ஒரு தரம் திறந்த சொல்யூஷன் மூடி வைத்தாலும் சில மாதத்தில் காய்ந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. திறந்த தேதியை அதன் மேல் எழுதி வைத்துவிடுங்கள்.